பாலாறு வந்து சேராத காலை

நம் கணக்கெடுப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் எழுதுகிறேன். மேடம்தான் எழுதச் சொன்னார். "அண்ணா, பைனாகுலர் பிடிக்கிறது, தாள் நிரப்புறது எல்லாம் நாங்க சொல்லிக் கொடுத்துடுவோம். நீங்க பண்ணின தப்பை மட்டும் எழுதிக் கொடுங்க" என்றார். பதினெட்டு வருஷத்துத் தப்பையெல்லாம் எழுதினால் உங்களுக்குப் படகில் ஏறவே மனசு வராது. அதனால் ஒன்றுதான். அதுவும் கடலில் பண்ணியதில்லை. கடல் கண்ணுக்கே தெரியாத காஞ்சிபுரத்தில், ஒரு பாலத்தின் மேல் நின்று பண்ணியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை தோற்பதற்கு முன் லாரி ஏறிவிட்டேன். கிளீனர் வேலை, ஓட்டலில் மாவு ஆட்டும் வேலை, துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை, கடைசியில் விசைப்படகில் சமையல். காக்கிநாடா, மங்களூர், ராமேஸ்வரம் என்று எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. இஞ்சின் அறையின் பக்கத்திலேயே படுத்துப் படுத்து இடது காது மந்தமாகிவிட்டது. கடல்காரர்கள் ஓங்கில் என்று சொல்லும் டால்பின்களைக் கணக்கெடுக்க மேடத்தின் குழு எங்கள் படகை வாடகைக்கு எடுத்தபோது நான் அதில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தபோதே, அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் ஓங்கில்களின் முதுகுகள் என் கண்ணில் பட்டன. அப்படித்தான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தாளைக் கொடுத்தார்கள்.

மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கற்றுக்கொடுத்தவர் அவர். முதல் வருஷம் ஆழ்கடலில் சுழல் ஓங்கில் கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். அது நூற்றுக்கணக்கில் வரும். துள்ளி எழுந்து, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு விழும். நான் உற்சாகத்தில் "முந்நூறு!" என்று கத்தினேன். மேடம் தாளிலிருந்து நிமிராமல், "எண்ணினீங்களா, இல்ல தோணுச்சா?" என்று கேட்டார். தோன்றியதுதான். அவர் "தோராயம்" என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் எண்ணப் பழகினேன். அதன்பிறகு பல வருஷம், படகில் எண்ணிக்கையில் தகராறு வந்தால் என் சொல்லைத்தான் எடுத்துக்கொள்வார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் நடுவில் எட்டாம் வகுப்பு தோற்றவனுக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். தப்பு அங்கிருந்துதான் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தத் தப்பு நடந்த மார்கழியில் காஞ்சிபுரத்தில் தங்கை வீட்டில் இருந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில், மழைக்கு நெசவுத் தறிக் குழியில் ஊற்றெடுத்து முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தங்கை புருஷனும் நானும் பக்கெட்டால் இறைத்துக்கொண்டிருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு மேடம் கூப்பிட்டார்.

பாலாறு கடலில் சேரும் இடத்தில், முகத்துவாரத்துக்கு உள்ளே இரண்டு ஓங்கில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கூன்முதுகு வகை. ஒரு தாய், ஒரு குட்டி. கூன்முதுகு ஓங்கில் கரையை விட்டு அதிகம் விலகாது. கலங்கின, ஆழமில்லாத தண்ணீரில் நாலைந்தாகத் திரியும். ஆற்றுமுகம் திறந்தால் மடவை மீனுக்காக உள்ளே வரும். வயலில் நின்ற மழைத்தண்ணீரை வடிக்க ஊர்க்காரர்கள் போன வாரம் மணல்திட்டை வெட்டி முகத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். அப்போது உள்ளே வந்தவை. இரண்டு நாளில் அலை மணலைத் தள்ளித் திரும்ப மூடிவிட்டது. உள்ளே இடுப்பளவு தண்ணீர். வெளியே கடல். நடுவில் நூற்றைம்பது அடி மணல்.

"வழி ரெண்டுதான் அண்ணா" என்றார் மேடம். "ஒண்ணு, இன்னிக்கே ஈரத்துணியில தூக்கி மணலைத் தாண்டிக் கடல்ல விடறது. தாயைத் தூக்கிடலாம். குட்டி ரொம்பச் சின்னது, பிடிக்கிற பயத்துலயே போயிடலாம். இன்னொண்ணு, நாளைக்குக் காலைல அமாவாசை ஏத்தம், கடல் நல்லா மேல ஏறும். அப்போ திட்டை வெட்டிவிட்டா தானா போயிடும். ஆனா உள்ள தண்ணி போதாது. வெட்டின உடனே இருக்கிறதும் வடிஞ்சிடும். ஆத்துத் தண்ணி பின்னாலருந்து தள்ளணும். மேல தண்ணியைத் திறந்து விட்டிருக்காங்கன்னு நியூஸ்ல சொல்றாங்க. நீங்க போய்க் கண்ணால பாத்துச் சொல்லுங்க. வருதா, எப்ப இங்க வரும்?"

தங்கை புருஷனின் மொபெட்டை வாங்கிக்கொண்டு, பாலாற்றின் மேல் இருக்கும் செவிலிமேட்டுப் பாலத்துக்குப் போனேன். இந்த ஆற்றுக்கு உள்ளூர் மழை போதாது. மேலே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தால்தான் தண்ணீர். வந்திருந்தது. செம்மண் நிறத்தில், நுரையும் ஆகாயத்தாமரையும் தெர்மாகோல் துண்டுகளுமாக, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை. பாலமே கூட்டம். குழந்தைகளைக் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தூணில் இருந்த வெள்ளைக் கறையைக் குறித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு சாண் ஏறியது. அதுவரை செய்தது சரியான வேலை.

மேடத்துக்குப் போன் போட்டேன். "வருது மேடம். நெறைய வருது. அரை மணியில ஒரு சாண் ஏறிச்சு."

"இங்க எப்ப வரும்?"

"விடியறதுக்குள்ள வந்துடும். தூக்காதீங்க."

"உறுதியா அண்ணா?"

"நான் பொறந்த ஊரு மேடம்" என்றேன்.

காஞ்சிபுரத்தில் சாயங்காலம் வெள்ளம் வந்தால் காலையில் கடல் என்று என் சின்ன வயசில் எல்லோரும் சொல்வார்கள். அதைத்தான் சொன்னேன். அவர் அங்கே வனத்துறைக்காரர்களிடம் சொன்னார். நனைத்து வைத்திருந்த துணியைச் சுருட்டினார்கள். தூக்குவதற்காகக் கூடியிருந்த ஊர்க்காரர்கள் சாப்பிடப் போனார்கள்.

நான் பாலத்தை விட்டுப் போகவில்லை. தூணையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தை விரட்டுவதற்குப் போட்டிருந்த பெண் காவலர் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனார். மூன்றாம் தடவை நின்றுவிட்டார்.

"இன்னா பெரியவரே, அப்பத்துலருந்து எட்டி எட்டிப் பாத்துக்கினே இருக்கீங்க? வூட்ல சண்டையா?"

"இல்லம்மா."

"குதிக்கிறதா இருந்தா என் டூட்டி முடிஞ்சப்புறம் குதிங்க. ரிப்போர்ட் எழுதி மாளாது."

சிரித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். டால்பின் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நம்ம பாலாத்துலயா? இன்னாபா கதை விடற?" என்றார். போனில் மேடம் அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். தாயின் முதுகும், பக்கத்தில் கருப்பாகக் குட்டியின் தலையும். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தத் தண்ணி போய்த்தான் அதுங்கள வெளிய தள்ளணுமா?"

"ஆமா. காலைல போய்ச் சேந்துடும்."

"எங்க போய்ச் சேரும்? நடுவுல தடுப்பணை கட்டிக்கிறாங்களே."

"தடுப்பணையா? எங்கம்மா?" என்றேன்.

"எங்க ஊரு கீழ, ஆத்தோரம்தான். அங்க ஒண்ணு கட்டிக்கிறாங்க. அதுக்கும் கீழ இன்னொண்ணு இருக்குது. போன ஞாயித்துக்கெழம ஊருக்குப் போனப்போ அணைக்குள்ள பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு இருந்தாங்க. அது நெரம்பி வழிஞ்சாத்தானே கீழ போவும்?"

அப்போது மணி மூன்று. நான் ஊரை விட்டுப் போய் நாற்பது வருஷம். நடுவில் ஆற்றில் என்ன கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இனிமேல் எழுதப்போவதைக் கவனமாகப் படியுங்கள். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. சிக்னல் இருந்தது. அங்கே இருட்டுவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பாக இருக்கலாம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் செய்தது வேறு. முதலில் போய்ப் பார்ப்போம், அணை ஒருவேளை நிரம்பியிருக்கலாம், நிரம்பியிருந்தால் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினேன்.

வாலாஜாபாத் தாண்டி ஆற்றோரமாகவே போனேன். ரோடு முழுக்கக் குழி. நாலு மணிக்குச் சட்டைப் பையில் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டி எடுத்துப் பார்த்தேன். மேடம். கையில் வைத்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றேன். இன்னும் அரை மணியில் சரியான பதில் கிடைத்துவிடும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று திரும்பப் பைக்குள் போட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், காது கேட்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லலாம். கேட்டது.

அணையை அடைந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சுவர் காய்ந்து கிடந்தது. உள்ளே பரந்த மணல். தூரத்தில் மேற்கே தண்ணீரின் நுனி தெரிந்தது. அது ஓடவில்லை. மணல் குடிக்கக் குடிக்க, மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பையன்கள் நட்டுவைத்த மூன்று குச்சிகள் இன்னும் மணலில் நின்றன. இது நிரம்ப இரண்டு நாள் ஆகும். இதற்குக் கீழே இன்னொன்று.

கூப்பிட்டேன். சொன்னேன். முடித்ததும் மேடம் ஒரே கேள்வி கேட்டார்.

"அணை இருக்குன்னு எப்ப தெரிஞ்சது அண்ணா?"

"மூணு மணிக்கு."

அங்கே பக்கத்தில் யாரிடமோ மணி கேட்டார்.

"இப்ப அஞ்சாகப் போகுது. ஆளுங்களைத் திரும்பக் கூட்டறதுக்குள்ள இருட்டிடும். இருட்டுல குட்டியைத் தொட முடியாது. நீங்க இங்க வந்துடுங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தப்பாகச் சொல்வது எல்லோருக்கும் நடக்கும். கடல் நம்மைத் தினமும் தப்பாக்கும். ஆனால் தப்பு என்று சந்தேகம் வந்த நிமிஷத்துக்கும் அதைச் சொல்லும் நிமிஷத்துக்கும் நடுவில் இருக்கிற நேரம் உங்களுடையது இல்லை. அது அங்கே தண்ணீரில் இருக்கிறவர்களுடையது. நிச்சயமான பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகத்தையே சொல்லுங்கள். மற்றதை மேடம் பார்த்துக்கொள்வார்.

இரவைத் தாண்டிவிடுகிறேன். கரையில் உட்கார்ந்து மூச்சு எண்ணினோம் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. பொழுது வெளுத்தபோது தாய் மட்டும்தான் மூச்சு விட்டது. குட்டி அதன் மூக்கின் மேல் கிடந்தது. தாய் அதை முட்டி மேலே தூக்கும். குட்டி வழுக்கி விழும். அது அடிக்குப் போவதற்குள் தாய் கீழே போய்த் திரும்பத் தூக்கிவரும். குட்டிக்கு மூச்சு வரட்டும் என்று தூக்குகிறது. ஓங்கில்கள் இப்படிச் செய்யும் என்று படித்திருப்பீர்கள். பார்க்கும்போது படித்தது உதவாது.

படகுக்காரர் ஏழுமலை அந்த ஊர்க்காரர். எங்கள் குழுவுக்குப் பல வருஷமாகப் படகு ஓட்டுபவர். முப்பது பேரை மண்வெட்டியோடு கூட்டி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"இன்னாண்ணா, தண்ணி வருதுன்னியே, எங்கணா? காஞ்சிபுரத்துலருந்து பட்டுப் பொடவ வரும். தண்ணி எங்கருந்துணா வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது தேவைதான். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு நானும் வெட்டினேன்.

ஆற்றுத் தண்ணீர் இல்லாமலே வெட்டுவது என்று மேடம் முடிவு செய்திருந்தார். குட்டியைத் தூக்கித் தூக்கி ஓய்ந்திருந்த தாயைத் துணியில் பிடித்தால் தாங்காது; வேறு வழியில்லை. உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. மூன்று நாளாக உப்புக் கம்மியான தண்ணீரில் கிடந்து தாயின் முதுகுத் தோல் வெளிறத் தொடங்கியிருந்தது. ஆளுயர அகலத்துக்குக் கால்வாய் வெட்டி, கடல் பக்கம் கொஞ்சம் மணலை மட்டும் விட்டுவைத்தோம். எட்டரை மணிக்கு ஏற்றம் உச்சத்துக்கு வந்தபோது அதையும் உடைத்தோம். கடல் உள்ளே வந்தது. கால்வாயில் இடுப்புக்கு மேல் தண்ணீர்.

"முக்கால் மணி நேரம் நிக்கும்" என்றார் மேடம். "அப்புறம் உள்ள இருக்கிறதையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். அதுக்குள்ள அது வெளிய போகணும். இல்லன்னா முழங்கால் தண்ணியில கிடக்கும்."

தாய் அசையவில்லை. எதிர்க்கரையோரம் குட்டியைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தது. கால்வாயின் பக்கமே திரும்பவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தகரத்தைத் தட்டி விரட்டலாம் என்றார்கள் சிலர். மேடம் கையை உயர்த்தினார். "யாரும் தட்டக்கூடாது. பயந்தா ஆழமான பக்கம் ஒதுங்கும், வாய்க்காலுக்கு வராது. எல்லாரும் கரையை விட்டுப் பின்னால போங்க." போனார்கள். இருபது நிமிஷம் ஆனது. அப்போதும் அசையவில்லை.

ஏழுமலை மெதுவாகச் சொன்னார்: "மேடம், அது குட்டிய வுட்டுட்டு வராது. குட்டிய எடுத்துக்கினு போனா பின்னாடியே வரும்."

மேடம் தாயையும் கால்வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் யோசித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாயிடமிருந்து குட்டியைப் பிடுங்குகிறவனை அது முட்டலாம். விலா நொறுங்கும். அதைவிடப் பெரிய பயம், குட்டியை எடுத்தபிறகும் தாய் வராமல் போனால் என்ன செய்வது? குட்டியும் இல்லாமல், வழியும் மூடி, அது அங்கேயே கிடக்கும். வரும் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. அப்போது இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"எடுப்போம்" என்றார். "வரலன்னா அது என் முடிவு. யாரு போறது?"

நான் சட்டையைக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை.

"பின்னால போகாதீங்க, அதுக்குத் தெரியற பக்கமா போங்க. குட்டியைத் தண்ணிக்கு மேல தூக்காதீங்க. அது பாத்துக்கிட்டே இருக்கட்டும். அது நின்னா நீங்களும் நில்லுங்க."

தண்ணீர் குளிர்ந்திருந்தது. பத்தடி தூரத்தில் தாய் என்னைப் பார்த்துவிட்டது. வாலால் ஒரு தடவை தண்ணீரை அறைந்தது. நின்றேன். குட்டி வழுக்கி விழுந்தது. தாய் கீழே போவதற்கு முன் நான் கையைக் கொடுத்துவிட்டேன். என் கையின் நீளம்தான் இருந்தது. ரப்பர் மாதிரி வழவழப்பு. கனம் அதிகமில்லை.

தாய் என் இடுப்பை உரசிக்கொண்டு எழுந்து மூச்சு விட்டது. மீன் வாடை அடிக்கும் சூடான மூச்சு, முகத்திலேயே பட்டது. முட்டவில்லை. நான் குட்டியைத் தண்ணீர் மட்டத்தில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன், முகம் அதைப் பார்த்தபடி. அது வந்தது. கால்வாயின் வாயில் நின்றது. நானும் நின்றேன். இரண்டு பக்கமும் மணல் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. அதன் உடம்புக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குட்டியை ஒரு சாண் என் பக்கம் இழுத்தேன். தாய் உள்ளே நுழைந்தது.

நூற்றைம்பது அடி. காலடியில் மணல் வழுக்கியது. தண்ணீர் கடல் பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டதைத் தொடையில் உணர்ந்தேன். ஏழுமலை மணல்மேல் என்கூடவே தவழ்ந்து வந்து, "எடதுபக்கம் பள்ளம்ணா, வலது பக்கம் வா" என்று ரகசியக் குரலில் வழி சொன்னார். நல்ல காது அந்தப் பக்கம் இருந்தது. முதல் அலை முதுகில் அறைந்தது. இரண்டாவது அலை தலைக்கு மேல் போனது. அலை தாண்டியதும் குட்டியைக் கையிலிருந்து விட்டேன்.

தாய் குட்டியை மூக்கில் ஏந்திக்கொண்டது. குட்டி விழுந்தது. தாய் திரும்ப ஏந்தியது. அப்படியே வடக்கே போனது. முதுகு தெரியாமல் போகும்வரை மேடம் பைனாகுலரை இறக்கவில்லை.

கரைக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மேடம் தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்தே தூக்கியிருந்தாலும் குட்டி செத்திருக்கலாம் அண்ணா" என்றார்.

"பொழைச்சும் இருக்கலாம் மேடம்."

"இருக்கலாம்" என்றார். மறுக்கவில்லை. இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதினார்.

தாளையும் பேனாவையும் கேட்டு வாங்கினேன். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், நாம் பெரும்பாலும் காலியாக விடுவது. அதில் எழுதினேன்: "ஆற்றில் தடுப்பணை இருப்பது மூன்று மணிக்குத் தெரிந்தது. ஐந்து மணிக்குச் சொன்னேன்." கீழே கையெழுத்துப் போட்டேன். மேடம் படித்துப் பார்த்தார். கோடு போட்டு அடிக்கவில்லை. அந்தத் தாள் ஆபீஸில் பச்சைக் கோப்பில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். எழுத்துக் கோணலாக இருக்கும், கை ஈரமாக இருந்தது.